பிசியோதெரபி சீட்டுக்குப் பத்தரை லட்சம்: கடன் வாங்கலாமா, சிஸ்டர்?

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 489 எடுத்திருக்கிறாள். டிவியில் கிரிக்கெட் பார்த்துப் பார்த்து, பிசியோதெரபிதான் படிப்பேன் என்கிறாள். ஏஜென்ட் ஒருவர் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் இருப்பதாகச் சொல்கிறார். வருஷத்துக்கு ஃபீஸ் 1,75,000, ஹாஸ்டல் 80,000. நாலரை வருஷப் படிப்பு. இந்த வாரமே 25,000 முன்பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடுமாம். லோனும் அவரே ஏற்பாடு செய்வாராம். என் அண்ணன் நர்சிங்கில் சேர்த்துவிடு, வேலை நிச்சயம் என்கிறார். நாத்தனாரோ நர்ஸ் என்றால் நைட் டியூட்டி, மாப்பிள்ளை அமையாது என்கிறார். கார்டியாக் டெக்னாலஜி என்று இதயப் பரிசோதனைக்கான படிப்பு ஒன்றும் சொல்கிறார்கள். கவுன்சலிங்குக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறோம், ரேங்க் இன்னும் வரவில்லை. கடன் வாங்கலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 25,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள். கடைசி எட்டு வருஷம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட். நர்ஸ், பிசியோ, டெக்னீஷியன் என்று யாரை வேலைக்கு எடுத்தாலும் இன்டர்வியூவில் ஒரு நாற்காலி எனக்கு. பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு ஃபைலும் கையுமாக எங்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு 2,55,000, நாலு வருஷத்துக்கு 10,20,000. கடைசி ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்கு ஹாஸ்டல் 40,000. மொத்தம் பத்தரை லட்சத்துக்கு மேல். யூனிஃபார்ம், புத்தகம், தேர்வுக் கட்டணம், தீபாவளிக்கு ஊருக்கு வந்துபோகும் பஸ் காசு எதையும் இதில் சேர்க்கவில்லை.

லோன் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறவர் ஒன்றைச் சொல்லியிருக்க மாட்டார். கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரைதான் சொத்து அடமானம் இல்லாமல் கொடுப்பது வழக்கம். அதைத் தாண்டினால் வீடு, நிலம் என்று ஏதாவது வைக்கச் சொல்வார்கள். மேனேஜ்மென்ட் கோட்டா என்றாலே வங்கி மேனேஜர் முகம் கொஞ்சம் மாறும். அப்படியே ஏழரை லட்சம் கிடைத்தாலும் மீதி மூன்று லட்சத்துக்கு நகை, சீட்டு, கைமாற்று.

அந்த ஏழரை லட்சமும் அப்படியே நிற்காது. படிக்கும் காலத்திலும், முடித்து ஒரு வருஷம் வரையிலும் கட்ட வேண்டாம் என்பார்கள். கட்டத்தான் வேண்டாம், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வருஷாவருஷம் சம தவணையாக வாங்கி, வட்டி 10 சதவீதம் என்று வைத்து நான் போட்ட கணக்கில், கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் பத்தரை லட்சம் ஆகிவிடுகிறது. வட்டி மட்டும் மூன்று லட்சம். அதை 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 13,900. 15 வருஷம் என்று இழுத்தால் சுமார் 11,300.

இப்போது என் பக்கத்துக் கணக்கு. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எங்களிடம் சேர்ந்த ஒரு பிசியோ பெண்ணின் முதல் மாதச் சம்பளச் சீட்டு நினைவிருக்கிறது. மொத்தம் 15,000. பி.எஃப். 1,080. இ.எஸ்.ஐ. 113. ஸ்டாஃப் ஹாஸ்டல் அறைக்கு 2,000. கைக்கு வந்தது 11,807. உங்கள் மகள் அந்த நாற்காலியில் இருந்தால் 15 வருஷக் கடனுக்கு இ.எம்.ஐ. போக 500 ரூபாய் மிஞ்சும். சாப்பாடு அதற்குள்தான்.

இது ஒரு மருத்துவமனையின் சீட்டு. சென்னையில் பெரிய ஆர்த்தோ சென்டரில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், எங்கள் ஊர்க் கிளினிக்குகளில் இதைவிடக் குறைவாகவும் பார்த்திருக்கிறேன். அரசுப் பக்கம் போனாலும் உடனே பெரிய மாற்றமில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது நிறைய பிசியோதெரபிஸ்ட்டுகளை எடுத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அது ஒப்பந்த வேலை. மாவட்ட நலவாழ்வுச் சங்க அறிவிப்புகளில் 13,000 ரூபாய் தொகுப்பூதியம் என்று நானே படித்திருக்கிறேன்.

பிசியோதெரபி மட்டமான படிப்பு என்று சொல்ல வரவில்லை, தங்கச்சி. பக்கவாதம் வந்து கை தூக்க முடியாமல் கிடந்தவர் மூன்றாம் மாதம் தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டதைப் பார்த்தவள் நான். அதில் டாக்டரைவிட பிசியோ பையனின் உழைப்பு அதிகம். முட்டி மாற்று ஆபரேஷன் பெருகிவிட்டது, கழுத்துவலி இல்லாத ஐ.டி. பிள்ளை இல்லை, வயதானவர்கள் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கை ராசிக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, சொந்தமாக ஒரு ஷட்டர் எடுத்து கிளினிக் போடுவது என்று ஆறேழு வருஷத்தில் நன்றாக வந்தவர்களைத் தெரியும். ஆனால் அந்த ஆறேழு வருஷம் குறைந்த சம்பளத்தில் தாக்குப்பிடித்து, ஸ்பெஷலைஸ் செய்ய எம்.பி.டி. என்ற முதுகலையும் படித்தவர்கள் அவர்கள். மாதம் பிறந்தால் வங்கியிலிருந்து போன் வருகிற வீட்டுப் பெண்ணால் அப்படிக் காத்திருக்க முடியாது. கையில் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள்வாள். இல்லையென்றால் கால் சென்டர். அங்கே பார்த்திருக்கிறேன், பி.பி.டி. என்ற பிசியோ பட்டம் முடித்த பிள்ளையை.

(கிரிக்கெட் டீமைப் பற்றி மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 15 பேர் விளையாடப் போகும் இடத்தில் பிசியோ ஒருவரோ இருவரோதான். கனவு காணட்டும், அதை நம்பி கையெழுத்துப் போட வேண்டாம்.)

உங்கள் அண்ணன் சொல்லும் நர்சிங்குக்கு வருகிறேன். என் தொழில் என்பதால் தூக்கிப் பேச மாட்டேன். வேலை நிச்சயம் என்பது உண்மை. ஆஞ்சியோ செய்யும் கேத் லேபுக்கு கார்டியாக் டெக்னீஷியன் இரண்டு மூன்று பேர் போதும், பிசியோ டிபார்ட்மென்டில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அதே மருத்துவமனைக்கு மூன்று ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து நர்ஸ் நூற்றுக்கணக்கில் வேண்டும். கார்டியாக் டெக்னாலஜியில் என் தயக்கமும் இதுதான். எக்கோ, ஆஞ்சியோ நடக்கும் ஊர்களைத் தாண்டி வேலை இல்லை. கவுன்சலிங்கில் குறைந்த கட்டணத்தில் கிடைத்தால் யோசிக்கலாம்.

வேலை நிச்சயம், சரி. சம்பளம்? அது வேறு கதை. தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பார்க்க உச்ச நீதிமன்றம் 2016ல் உத்தரவிட்டு, மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது என்று குழு சொன்னது. கேரளத்து நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018ல் அந்த 20,000ஐ அரசாணையாகவே வாங்கினார்கள். நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் அந்தக் காகிதத்தைக் காட்டினால் சிரிப்பார்கள்.

அரசு வேலையிலும் உடனே நிரந்தரம் இல்லை. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் 7,700 ரூபாய், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு. வருஷக்கணக்கில் காத்திருந்து போராடியவர்களில் என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளும் உண்டு. பிறகு அந்த ஊதியம் 14,000, 18,000 என்று ஏறியது.

பின் எதற்கு நர்சிங் என்கிறேன்? வெளியேற நிறையக் கதவுகள் இருப்பதால். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் என்று ஒரு பொதுத் தேர்வு இருக்கிறது. தேறி வேலை கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 44,900, படிகள் தனி. ஜிப்மர், ரயில்வே, இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உண்டு. இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்தால் வளைகுடாவுக்கு விண்ணப்பிக்கலாம். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்புவதை 2015ல் தனியார் ஏஜென்ட்டுகளிடமிருந்து எடுத்து அரசு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். நமக்கு அது சென்னையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஜெர்மனியில் முழு நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைத் தேர்ச்சி வேண்டும், அதற்கு ஒரு வருஷமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். பிசியோவும் வெளிநாடு போகலாம். ஆனால் அந்த நாட்டுப் பதிவு கிடைப்பது கடினம், நாடுகளும் குறைவு.

எந்தப் படிப்பானாலும் நான் கல்லூரியின் பெயரைப் பார்க்க மாட்டேன். அந்தக் கல்லூரியின் மருத்துவமனையில் நோயாளி இருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன்.

ஒருமுறை இன்டர்வியூவுக்கு ஒரு பெண் வந்தாள். பி.எஸ்சி. நர்சிங், 78 சதவீதம், ஃபைல் அவ்வளவு நேர்த்தி. வார்டுக்குக் கூட்டிப் போய், தொண்டையில் குழாய் போட்டிருந்த ஒரு பெரியவருக்கு சக்‌ஷன் எடுக்க, அதாவது சளியை உறிஞ்சி எடுக்க, என்னென்ன தயார் செய்வாய் என்று கேட்டேன். அதற்கான மெல்லிய குழாயைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மேடம், நாங்க பொம்மையிலதான் பண்ணியிருக்கோம். எங்க காலேஜ் ஆஸ்பத்திரில ஐ.சி.யு. திறக்கவே இல்ல" என்றாள். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் பக்கத்துக் கிராமத்தாரை வேனில் ஏற்றி வந்து படுக்கையில் படுக்கவைப்பார்களாம், ஆளுக்கு 300 ரூபாயும் பிரியாணியும். அவள் அப்பா அந்தக் கல்லூரிக்கு ஒரு ஏக்கர் விற்றிருந்தார். அவளை எடுத்துக்கொண்டேன், ஆறு மாதம் டிரெய்னி சம்பளத்தில். அவள் வகுப்பில் மற்றவர்களுக்கு என்ன ஆனதோ.

அதனால் எந்தக் கல்லூரியில் சேர்ப்பதானாலும் அட்மிஷன் ஆபீஸுக்கு முன்பு அவர்களுடைய மருத்துவமனைக்குப் போங்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்கு. சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஓ.பி.யில் சீட்டு வாங்கும் வரிசை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். பிசியோ டிபார்ட்மென்ட் எங்கே என்று கேட்டுப் போய் அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? மெஷின் மேல் உறை போட்டு மூடியிருக்கிறதா? கேன்டீனில் மூன்றாம் வருஷப் பிள்ளை யாராவது இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் போஸ்டிங் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்றால் நல்லது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒருநாள் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள். அங்கே நாலு வருஷம் படிக்கிற பிள்ளை எதையும் பார்க்காமல் வெளியே வர முடியாது.

கவுன்சலிங்கைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் போட்ட அதே விண்ணப்பத்தில் நர்சிங், பிசியோ, பி.ஃபார்ம், கார்டியாக், டயாலிசிஸ், ரேடியாலஜி எல்லாம் அடங்கும். அரசுக் கல்லூரியில் கிடைத்தால் வருஷக் கட்டணம் சில ஆயிரத்தில் முடியும். பிசியோவுக்கு அரசு இடம் மிகக் குறைவு, திருச்சியிலும் சென்னையிலும்தான் பேச்சே. 489க்கு அது கஷ்டம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தால் அரசின் கட்டணக் குழு வைத்த ஃபீஸ்தான், ஏஜென்ட் சொல்லும் தொகை இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதற்குள் வராது, அங்கே அவர்கள் வைத்ததுதான் விலை. முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று இருக்கிறது. இந்த வாரமே சீட் போய்விடும் என்பது வியாபாரப் பேச்சு. தனியாரில் கடைசி நாள் வரை இடம் காலியாக இருக்கும், விலையும் இறங்கும்.

உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். மகள் ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். சாதிச் சான்றிதழுக்கு ஏற்ப உதவித்தொகை என்ன என்று கல்லூரி ஆபீஸில் முதல் வாரமே கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் கமிஷன் கிடையாது. அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருஷ டிப்ளமோ. நான் அப்படி வந்தவள்தான். படிக்கும்போதே உதவித்தொகை கொடுத்தார்கள், அதில் மிச்சம் பிடித்துத் தம்பிக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டினேன். வேலையில் சேர்ந்த பிறகு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்தால் பி.எஸ்சி. பட்டமும் வந்துவிடும். இரண்டு வருஷ மருத்துவமனை அனுபவம் இருந்தால் டிப்ளமோக்காரர்களும் நார்செட் எழுதலாம். பட்டம் இல்லையே என்று உறவில் பேசுவார்கள், பேசட்டும். வேலூர் சி.எம்.சி.யும் உங்களுக்குப் பக்கம்தான். 1946ல் டெல்லியிலும் அங்கேயும்தான் இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் வகுப்புகள் தொடங்கின. அவர்களுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. கட்டணம் குறைவு, போட்டி அதிகம்.

கடன் வாங்கவே கூடாதா? வாங்கலாம். அரசு ஒதுக்கீட்டில் ஒரு நல்ல தனியார் கல்லூரி கிடைத்து, எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்குள் கடன் என்றால் தைரியமாக வாங்குங்கள். ஏஜென்ட் வழியாகப் போகாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே போடலாம், ஊர் இ-சேவை மையத்தில் உதவுவார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. அது தானாக நடக்காது, தாசில்தார் ஆபீஸ் வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, என் கடன் அந்த வட்டி மானியத்தில் சேருமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும். சேராது என்றால், முதல் வருஷம் ஒரு லட்சம் வாங்கியிருந்தால் மாத வட்டி 833 ரூபாய். உங்கள் மிஷினில் எத்தனை ஜாக்கெட் என்று எனக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதை மாதாமாதம் கட்டிவந்தால் வட்டி முதலோடு ஏறாது, சில வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கவும் செய்யும்.

வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருஷ பாண்ட் கேட்கும் ஆஸ்பத்திரிகள் இன்னும் உண்டு. அந்த பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியாகிவிட்டது. ஜெராக்ஸ் கொடுத்தால் போதும். இதை நாலு வருஷம் கழித்து நினைவில் வையுங்கள்.

நாத்தனாருக்கு: என் கணவர் கவர்மென்ட் பஸ் கண்டக்டர். எனக்கு நைட் டியூட்டி, அவருக்கும் நைட் சர்வீஸ். இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்.

மகளிடம் நேரடியாக நானே கேட்க ஆசை. அவளுக்குப் பிடித்தது பிசியோவா, அடிபட்டவரை எழுப்பி நடக்கவைப்பதா? இரண்டாவது என்றால் எலும்பு முறிவு வார்டில் ஒரு நர்ஸும் அதைத்தான் செய்கிறாள். இல்லை, பிசியோவேதான் என்றால், விருப்பப் பட்டியலில் அதையே முதலில் போடட்டும், நர்சிங் அடுத்து, கார்டியாக் மூன்றாவது. அரசு ஒதுக்கீட்டில் பிசியோ கிடைத்தால் சந்தோஷமாகச் சேருங்கள், நான் தடுக்க மாட்டேன். படிப்பில் தப்பில்லை, பத்தரை லட்சம்தான் தப்பு. பிசியோ, டெக்னீஷியன் போன்ற அலைடு ஹெல்த் படிப்புகளுக்கு 2021ல் தனிச் சட்டம் வந்ததிலிருந்து பாடமும் காலமும் மாறிக்கொண்டிருக்கின்றன. சேரும் வருஷத்தில் எத்தனை வருஷப் படிப்பு என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் இன்று சாயங்காலம் மறுபடி போன் செய்வார். பிசியோ வேண்டாம் என்றால் பெங்களூரில் நர்சிங் சீட் இருக்கிறது, இன்னும் மலிவு என்பார். ரேங்க் வரட்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள். ரேங்க் வந்ததும், எந்தெந்தக் கல்லூரிகள் கிடைக்கும் போலிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்று நான் சொல்கிறேன்.